வியாழக்கிழமை ஜாக்கிக்கு: வெஸ்லி குடும்பத்தின் வார அட்டவணை

கால அட்டவணை போடாத மாணவர் இருக்க முடியாது. தேர்வு நெருங்கியதும் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுவது எல்லோருக்கும் பழகிய விஷயம். மூன்றாம் நாளே அதைப் பார்க்காமல் விட்டுவிடுவதும் பழகிய விஷயம்தான்!

ஆனால் முன்னூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு வீட்டில் போட்ட வார அட்டவணை ஒன்று அப்படி மறந்துபோகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். கப்பலில் கொண்டுபோனான். கடைசியில் சுரங்கத் தொழிலாளிகளும் நெசவாளர்களும் வாராவாரம் கூடும் ஒரு பெரிய இயக்கமாக அது வளர்ந்தது. அந்தப் பிள்ளைதான் மெதடிஸ்ட் சபையின் நிறுவனர் ஜான் வெஸ்லி. அந்த முதல் அட்டவணை பிறந்ததற்குக் காரணம் தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

எப்வொர்த் வீட்டில் வாசித்த புத்தகம்

லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள எப்வொர்த் ஒரு சிற்றூர். அங்கே ஆங்கிலிக்கன் சபையின் போதகராக இருந்தவர் சாமுவேல் வெஸ்லி. அவருடைய மனைவி சூசன்னா. இவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 19 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடன் தொல்லையும் இருந்தது. 1705-ல் கடனைக் கட்ட முடியாமல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் சில மாதங்கள் இருந்தார். 1709 பிப்ரவரியில் வீடே எரிந்துபோனது. மாடியில் மாட்டிக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் சூசன்னா அம்மையார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். மாணவர்கள் அவருடைய பிள்ளைகளே. காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை பாடம். ஐந்து வயது முடிந்த மறுநாள் பிள்ளைக்கு எழுத்து கற்பிக்கத் தொடங்குவார். அன்று ஒரே நாளில் எல்லா எழுத்துக்களையும் கற்றுவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். அதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்!

1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் சபை வேலையாக லண்டனில் இருந்தார். அப்போது மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். டென்மார்க் மிஷனரிகள் எழுதிய கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புளுட்சௌ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்களின் கதைதான் அதில் இருந்தது. சீகன்பால்குக்கு அப்போது வயது 24 நிறையவில்லை. அவர் தமிழ்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். புலவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏட்டுச்சுவடிகளை வாசித்தார். அவருடைய நாளும் வேளை வேளையாகப் பிரிக்கப்பட்ட நாள்தான்.

எமிலி வாசிக்க வாசிக்க சூசன்னா அம்மையாரின் மனம் அசைந்தது. பல நாட்கள் வேறு எதையும் யோசிக்கவோ பேசவோ முடியவில்லை என்று 1712 பிப்ரவரி 6 தேதியிட்ட கடிதத்தில் கணவருக்கு எழுதினார். தான் ஆணும் அல்ல, போதகரும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாக ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. எங்கே தொடங்குவது? கடல் கடந்து போக முடியாது. சொந்தப் பிள்ளைகளிடமே தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை மோலி. செவ்வாய்க்கிழமை ஹெட்டி. புதன்கிழமை நான்சி. வியாழக்கிழமை ஜாக்கி. வெள்ளிக்கிழமை மார்த்தா. சனிக்கிழமை சார்லஸ். ஞாயிற்றுக்கிழமை எமிலியும் சுக்கியும்.

ஜாக்கி என்பது ஜானின் செல்லப்பெயர். அப்போது அவனுக்கு எட்டு வயது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது பாட அட்டவணை அல்ல. பாடத்துக்குத் தினமும் ஆறு மணி நேரம் ஏற்கெனவே இருந்தது. இந்த அட்டவணையின் கட்டங்களில் வேலையின் பெயர் இல்லை, ஆளின் பெயர் இருந்தது. அந்த மாலையில் அந்தப் பிள்ளையின் பயம் என்ன, சந்தேகம் என்ன, கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு நிறையப் பிள்ளைகளும் கடனும் இருந்த இடத்தில் வாரத்துக்கு ஏழு மாலைகளை இப்படி எடுத்து வைப்பது சின்ன காரியம் அல்ல. தன் வாழ்க்கையில் எது முக்கியம் என்று அவர் முதலில் முடிவு செய்தார். அட்டவணை பிறகுதான் வந்தது.

ஆக்ஸ்போர்டு மாணவரின் நாட்குறிப்பு

ஜான் வெஸ்லி 1714-ல் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கும், 1720-ல் ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கும் போனார். முதல் சில வருடங்கள் மற்ற மாணவர்களைப் போலத்தான் இருந்தார். 1725-ல் ஜெரமி டெய்லர் என்ற பேராயர் எழுதிய, பரிசுத்தமாக வாழ்வதற்கான விதிகளைப் பற்றிய புத்தகம் அவர் கைக்கு வந்தது. காலத்தைப் பயன்படுத்துவதுதான் அதில் முதல் பாடம். அந்த வருடம் ஏப்ரல் 5 அன்று வெஸ்லி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்போது வயது 21.

அது சாதாரண நாட்குறிப்பு அல்ல. சுருக்கெழுத்தும் இரகசியக் குறிகளும் கலந்து எழுதியது. என்ன எழுதினார் என்று புரிந்துகொள்வதற்கே ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்கள் பாடுபட வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நெகேமியா கர்னாக், அவருக்குப் பிறகு ரிச்சர்ட் ஹைட்சென்ரேட்டர் போன்றவர்களின் உழைப்பால்தான் அந்தப் பக்கங்கள் படிக்கக் கிடைத்தன. ஒரு வியாபாரி தினசரி வரவு செலவு எழுதுவது போல, எந்த நேரத்தை எதற்குச் செலவு செய்தோம் என்று எழுதியிருக்கிறார்.

1726-ல் லிங்கன் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சம்பளமும் தங்கும் இடமும் கிடைத்தன. மறுவருடம் முதுகலைப் பட்டம் பெற்ற சமயத்தில் தன் படிப்புக்கு ஒரு வாரத் திட்டம் போட்டுக்கொண்டார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கிரேக்க, இலத்தீன் வரலாற்றாசிரியர்களும் கவிஞர்களும். புதன் தர்க்கமும் ஒழுக்கவியலும். வியாழன் எபிரேயமும் அரபியும். வெள்ளி தத்துவமும் இயற்கை அறிவியலும். சனி சொற்பொழிவுக் கலையும் கவிதையும். ஞாயிறு இறையியல். இடையிடையே பிரெஞ்சும் கணிதமும் உண்டு!

அதிகாலை எழுந்த கதையும் சுவையானது. தினமும் இரவு 12 மணிக்கோ 1 மணிக்கோ விழிப்பு வந்துவிடும். தேவைக்கு அதிகமாகப் படுக்கையில் இருப்பதுதான் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி, முதல் நாள் 7 மணிக்கு எழுந்தார். இரவில் விழிப்பு வந்தது. மறுநாள் 6 மணி. அப்போதும் வந்தது. அடுத்த நாள் 5 மணி. மறுபடியும் அதேதான். நான்காம் நாள் 4 மணிக்கு எழுந்தார். அன்று இரவு விழிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுதும் 4 மணிதான். யாரோ சொன்னார்கள் என்று செய்யாமல், தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்த கணக்கு இது.

முறைக்காரர்கள்

தம்பி சார்லஸும் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். 1729-ல் சார்லஸ் சில நண்பர்களோடு வாராவாரம் திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பெரும்பாலான மாணவர்கள் வருடத்தில் சில முறை மட்டுமே செய்த காரியம் அது. அந்த நவம்பரில் ஜான் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் குழுவுக்குத் தலைவரானார். வெஸ்லி சகோதரர்கள், வில்லியம் மார்கன், ராபர்ட் கிர்க்கம் என்று முதலில் நான்கே பேர். வாரத்தில் சில மாலைகள் கூடி கிரேக்கப் புதிய ஏற்பாடு படிப்பார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக வாரம் முழுவதற்கும் ஓர் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நற்பண்பு. ஞாயிறு கடவுளிடம் அன்பு. திங்கள் அயலாரிடம் அன்பு. செவ்வாய் தாழ்மை. புதனும் வெள்ளியும் தன்னை ஒடுக்குதல். வியாழன் பொறுமையும் சாந்தமும். சனி நன்றியறிதல். அந்தந்த நாளில் அந்தந்தப் பண்பைப் பற்றித் தங்களையே கேள்வி கேட்டுக்கொள்வார்கள். 1733-ல் வெஸ்லி வெளியிட்ட முதல் புத்தகமே வாரத்தின் ஏழு நாட்களுக்கும் உரிய ஜெபங்களின் தொகுப்புதான். புதன், வெள்ளி இரண்டு நாளும் பிற்பகல் 3 மணி வரை உபவாசம். இது ஆதித் திருச்சபையின் வழக்கம்.

1730 ஆகஸ்ட் 24 அன்று மார்கன் வற்புறுத்தி அழைத்ததால் வெஸ்லி சகோதரர்கள் ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு சிறைக்குப் போவதும் அட்டவணையில் ஏறியது. சின்னக் கடன்களுக்காக அடைபட்டவர்களின் பாக்கியைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். ஜானின் அப்பாவும் ஒரு காலத்தில் கடன்காரர் சிறையில் இருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை புரியும்.

நேரத்துக்குக் கணக்கு வைத்தவர் பணத்துக்கும் வைத்தார். ஆக்ஸ்போர்டில் ஒருவர் வருடத்துக்கு 30 பவுண்டு சம்பாதித்து, 28 பவுண்டில் வாழ்ந்து, 2 பவுண்டு தர்மம் செய்தார் என்று பிற்காலப் பிரசங்கம் ஒன்றில் வெஸ்லி சொல்கிறார். அடுத்த வருடம் வருமானம் 60. செலவு அதே 28. தர்மம் 32. மூன்றாம் வருடம் வருமானம் 90, தர்மம் 62. நான்காம் வருடம் வருமானம் 120, தர்மம் 92. பெயர் சொல்லாவிட்டாலும் அவர் சொல்வது தன்னைத்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வருமானம் நான்கு மடங்கு ஆனாலும் செலவுக் கணக்கு ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது வியப்பான கணக்கு. வருமானம் கூடினால் செலவு கூடுவதுதானே எல்லா வீட்டிலும் நடப்பது?

மற்ற மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ‘பரிசுத்தச் சங்கம்’ என்று கேலி செய்தார்கள். எதையும் முறைப்படி செய்கிறவர்கள் என்ற பொருளில் ‘மெதடிஸ்ட்’ என்றும் சொன்னார்கள். ‘முறைக்காரர்கள்’ என்று தமிழில் சொல்லலாம். கேலிக்கு வைத்த பெயர்தான் இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் சேர்ந்திருக்கும் சபைகளின் பெயர்.

அட்டவணை தராத ஒன்று

1732 ஆகஸ்டில் வில்லியம் மார்கன் டப்ளினில் இறந்துபோனார். அளவுக்கு மீறிய உபவாசம்தான் அவரைக் கொன்றது என்று பேச்சு கிளம்பியது. மார்கனின் தகப்பனாருக்கு வெஸ்லி நீண்ட கடிதம் எழுதி விளக்கினார். தகப்பனார் சமாதானமடைந்து, அடுத்த மகனை வெஸ்லியிடமே படிக்க அனுப்பினார். ஆனாலும் அந்த டிசம்பரில் லண்டன் வார இதழ் ஒன்று இந்த மாணவர்களைத் தாக்கி எழுதியது.

வெஸ்லியின் கணக்கு இன்னும் இறுகியது. 1734 முதல் நாட்குறிப்பில் மணிக்கு மணி பதிவு செய்தார். அந்தந்த மணி நேரத்தில் தன் மனம் எவ்வளவு பக்தியாக இருந்தது என்று எண் போட்டு மதிப்பிட்டார். தன்னைத்தானே தினமும் தணிக்கை செய்துகொண்டார் என்று சொல்லலாம். அந்த டிசம்பரில் வயதான அப்பா, எப்வொர்த் சபையைத் தனக்குப் பிறகு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டபோது, வெஸ்லி எண் போட்ட பத்திகளாக நீண்ட பதில் எழுதி மறுத்தார். தன் பரிசுத்த வாழ்வுக்கு ஆக்ஸ்போர்டே ஏற்ற இடம் என்பது அவர் சொன்ன முக்கிய காரணம். 1735 ஏப்ரலில் அப்பா இறந்தார். சூசன்னா அம்மையார் பல வருடங்கள் வாழ்ந்த போதகர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் இரண்டு அட்டவணைகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அம்மாவின் அட்டவணையில் மோலியும் ஹெட்டியும் ஜாக்கியும் இருந்தார்கள். மகனின் அட்டவணையில் எபிரேயமும் தாழ்மையும் உபவாசமும் இருந்தன. சிறைக்கைதிகளும் ஏழைகளும் அதில் உண்டு என்றாலும், கடைசியில் கணக்கு வந்து நின்ற இடம் தன் ஆத்துமா மட்டும்தான். வெஸ்லிக்கே இது மனதில் பட்டிருக்க வேண்டும். 1732 பிப்ரவரியில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், முன்பு தனக்கென்று கொடுத்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்ச நேரத்தை மறுபடியும் தனக்காகச் செலவிடும்படி கேட்டார். அன்று தன் அறிவை உருவாக்கிய அந்த நேரம், இன்று தன் இருதயத்தைத் திருத்த உதவும் என்று நம்பினார். கல்லூரியில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் 28 வயது ஆள், எட்டு வயதில் கிடைத்த ஒரு மாலையைத் திருப்பிக் கேட்கிறார்!

1735 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா காலனிக்கு மிஷனரியாகக் கப்பல் ஏறினார். கப்பலிலும் அட்டவணைதான். 4 முதல் 5 வரை தனி ஜெபம். 5 முதல் 7 வரை வேதவாசிப்பு. 9 முதல் 12 வரை ஜெர்மன் மொழி படிப்பு. 12 மணிக்கு நண்பர்கள் கூடி ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்புவித்தல். இரவு 7 மணிக்கு அதே கப்பலில் வந்த மொராவிய ஜெர்மானியர்களின் ஆராதனைக்குப் போவது. 1736 ஜனவரி 25 அன்று அந்த 7 மணி ஆராதனையின்போது பெரும் புயல் அடித்தது. கடல் கப்பலுக்குள் பாய்ந்து பாய்மரத்துணி கிழிந்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று பிறகு விசாரித்தார். இல்லை, எங்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூடச் சாவுக்குப் பயமில்லை என்று பதில் வந்தது. வெஸ்லிக்குப் பயமாக இருந்தது. பத்து வருடங்களாக நிமிடம் தவறாமல் எழுதிய கணக்கில் வராத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பதைக் கண்டார்.

ஜார்ஜியாவில் தோல்விதான். சோஃபியா ஹாப்கி என்ற இளம்பெண்ணை விரும்பியும் முடிவு எடுக்க முடியாமல் தயங்கினார். அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். சில மாதங்கள் கழித்து, சபை ஒழுங்கைக் காட்டி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் ஊரைவிட்டுக் கிளம்பினார். விதியை நேசித்தவருக்கு மனிதர்களோடு வாழத் தெரியவில்லை என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருந்தால் அது தவறாகாது.

1738 மே 24, புதன்கிழமை. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் இருதயத்தில் ஓர் இதமான அனலை உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். தன் கணக்கினால் அல்ல, கிறிஸ்துவினாலே தான் மன்னிக்கப்பட்டதாக நம்பினார். பல வருடங்களாக எண் போட்டுத் தேடியும் கிடைக்காத நிம்மதி அது.

வாரம் ஒரு பென்னி

இதற்குப் பிறகு வெஸ்லி அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைத்தால் தவறு. 4 மணிக்கே எழுந்தார். நாட்குறிப்பும் எழுதினார். ஆனால் அட்டவணையின் கட்டங்களில் மறுபடியும் மனிதர்கள் வந்தார்கள்.

1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கோயில் பக்கமே வராத நிலக்கரித் தொழிலாளிகள் கேட்க வந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நேரம் பார்த்து, காலை 5 மணிக்குப் பிரசங்கம் வைத்தார். போதகருக்கு வசதியான நேரத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கூலிக்குப் போகிறவருக்கு எப்போது முடியும் என்று பார்த்தார்.

பிரிஸ்டலில் கட்டிய ‘புதிய அறை’ என்ற கூடத்துக்குக் கடன் இருந்தது. 1742 பிப்ரவரி 15 அன்று அதை அடைப்பதைப் பற்றி ஆலோசித்தார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். அந்தக் காலத்தில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. பலருக்கு அந்த ஒரு பென்னியும் முடியாதே என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் மிகவும் ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள் வேறு செய்திகளோடு திரும்பி வந்தார்கள். ஒரு வீட்டில் கணவன் குடித்துவிட்டு வருகிறான். இன்னொரு வீட்டில் நோயாளி கிடக்கிறார். தாங்கள் வெகுநாளாகத் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்குச் சட்டென்று புரிந்தது. கடன் அடைக்கப் போட்ட திட்டம், ஆளுக்கு ஆள் விசாரிக்கும் திட்டமாக மாறியது. ஏறக்குறைய 12 பேர் கொண்ட ‘வகுப்பு’, வாரம் ஒரு கூட்டம், ஒரு தலைவர். இந்த வாரம் உன் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்பதுதான் அந்தக் கூட்டத்தின் மைய வேலை. தலைவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இது எங்கேயோ கேட்டது போல இல்லையா? எப்வொர்த் வீட்டு மாலைகள்தான்! ஒரு தாய் எட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ததை, இப்போது படிக்காத நெசவாளர்களும் செருப்புத் தைப்பவர்களும் ஒருவருக்கொருவர் செய்தார்கள். அதே 1742 ஜூலையில் சூசன்னா அம்மையார் லண்டனில் பிள்ளைகள் சூழ இறந்தார். அவருடைய முறை பிரிஸ்டலில் வேர்விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

1746-ல் லண்டனில் ஏழைகளுக்காக ஒரு கடன் நிதி தொடங்கினார். முதலில் சேர்ந்த தொகை 30 பவுண்டு 16 ஷில்லிங். ஒருவருக்கு அதிகபட்சம் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வாரத் தவணையாக மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். 18 மாதங்களில் 255 பேர் பயன்பெற்றார்கள் என்று 1748 ஜனவரியில் எழுதியிருக்கிறார். கணக்கைப் பாருங்கள். கையில் இருந்த பணத்தை ஒரே தடவை பங்கிட்டிருந்தால் ஒரு பவுண்டு வீதம் முப்பது பேருக்குத்தான் போயிருக்கும். வாரத் தவணையாகத் திரும்பத் திரும்பச் சுழன்றதால் எட்டு மடங்குக்கும் அதிகமான பேருக்கு உதவியது. இன்றைய சுய உதவிக் குழுக்களை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தெரியாது. 1770-களில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைப்பவர் இந்த நிதியில் 5 பவுண்டு வாங்கிப் பழைய புத்தக வியாபாரத்தை வளர்த்தார். பின்னாளில் லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவரானார்.

கட்டம் இல்லாத மனைவி

ஆனாலும் இந்த அட்டவணைக்கு ஒரு விலை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

வெஸ்லியின் பேச்சு நன்றாக இருக்கும், ஆனால் எப்போதும் ஏதோ ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவராகவே இருக்கிறார், நிதானமாக உட்கார்ந்து பேச விரும்புகிறவனுக்கு இது எரிச்சல் தருகிறது என்று அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் 1778-ல் குறைப்பட்டார். நண்பருக்கே இந்த நிலை என்றால் மனைவிக்கு?

1751-ல் வெஸ்லி மோலி வசீல் என்ற விதவையை மணந்தார். திருமணம் ஆனதற்காக ஒரு பிரசங்கத்தையோ ஒரு நாள் பயணத்தையோ குறைத்துக்கொள்வது சரியல்ல என்று மணமான சில வாரங்களிலேயே எழுதி வைத்தார். சொன்னபடியே செய்தார். மனைவி முதலில் சில பயணங்களுக்குக் கூடவே வந்து பார்த்தார். பிறகு சந்தேகமும் சண்டையும்தான். 1771-ல் பிரிந்து போனார். 1781-ல் அவர் இறந்தபோது அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குச் செய்தி தெரிந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் வாரம் ஒரு முறை எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆள் ஏற்பாடு செய்தவரின் சொந்த வீட்டில், அப்படி ஒரு மாலை ஒதுக்கப்படவில்லை. தவறு முழுவதும் ஒரு பக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் சூசன்னா அம்மையாரின் மகன் இதில் அம்மாவிடம் கற்றதை மறந்துவிட்டார் என்று சொல்லலாம்.

கணக்கை முடித்தபோது

1790 ஜூலையில், 87 வயதில், வெஸ்லி தன் வரவு செலவுக் கணக்கை எழுதுவதை நிறுத்தினார். மிச்சப்படுத்த முடிந்ததை மிச்சப்படுத்துகிறேன், கொடுக்க முடிந்ததை, அதாவது இருப்பதை எல்லாம், கொடுத்துவிடுகிறேன், இனி எழுத வேண்டியதில்லை என்ற பொருளில் கடைசியாக எழுதி முடித்தார். 1791 மார்ச் 2 அன்று இறந்தார். இறப்பதற்கு ஒரு வாரம் முன்புகூட, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். சவப்பெட்டியை ஆறு ஏழைகள் தூக்க வேண்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கூலி கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். கடன் நிதியில் முதலில் ஒருவருக்குக் கொடுத்த அதே தொகை!

இந்தக் குடும்பத்தின் கதையில் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. எப்வொர்த் அட்டவணை பிள்ளைகளை உருவாக்கியது. ஆக்ஸ்போர்டு அட்டவணை ஒழுக்கத்தைக் கற்றுத்தந்தது, ஆனால் அதை எழுதியவரைப் பயத்திலிருந்து விடுவிக்கவில்லை. பிரிஸ்டல் அட்டவணை அந்த ஒழுக்கத்தை மற்றவர்களுக்காகச் செலவழித்தது. மூன்றிலும் அதிகாலையும் ஜெபமும் கணக்கும் பொதுவானவை. கட்டங்களில் யார் இருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்த முறை சுவரில் ஒட்டுவதற்குத் தாளை எடுக்கும்போது, எத்தனை மணிக்கு எழுவது, எந்தப் பாடத்தை எப்போது முடிப்பது என்று எழுதுங்கள். அது தேவைதான். எழுதி முடித்ததும் ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள். ஏழு நாளில் ஒரு கட்டத்திலாவது ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், கோடு போட்டது போதும், பெயரை எழுதுங்கள்.